நான்கு விநாடிகள் எங்கிருந்து வந்தன: பெண்கள் டூர் டி பிரான்ஸின் கணக்கும் பின்னணியும்

2024 ஆகஸ்ட் 18 அன்று ஆல்ப் துவேஸ் மலைமேல் முடிவடைந்த பெண்கள் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் போலந்தின் காசியா நியேவியாடோமா நெதர்லாந்தின் டெமி வோலரிங்கை நான்கு விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஏழு நாள்களில் எட்டுக் கட்டங்களாக, தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல், இருபத்து நான்கு மணி நேரத்தையும் தாண்டிச் சைக்கிள் மிதித்த பிறகு இருவருக்கும் இடையே மிஞ்சியது அவ்வளவுதான். ஆண்கள் டூர் டி பிரான்ஸின் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் மிகக் குறைந்த வித்தியாசம் 1989-இல் கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனை வென்ற எட்டு விநாடி. பெண்கள் பந்தயம் இப்போதைய வடிவத்தில் மூன்றாவது ஆண்டிலேயே அதில் பாதிக்கு வந்துவிட்டது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த நான்கு விநாடி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்தப் பந்தயம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, ஏன் அப்படி அமைந்தது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

கட்டப் பந்தயத்தின் அடிப்படை எளிது. ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பந்தயம் நடக்கும். ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரம் நாளுக்கு நாள் கூட்டப்படும். கடைசி நாளில் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். ஒட்டுமொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். பச்சை, புள்ளி போட்ட வெள்ளை, வெள்ளை ஆகிய சட்டைகள் முறையே புள்ளிப் பட்டியலுக்கும் மலையேற்றத்துக்கும் இளம் வீராங்கனைக்கும் உரியவை. இந்தக் கூட்டல் கணக்கை இரண்டு விதிகள் கொஞ்சம் வளைக்கின்றன. ஒரே கூட்டமாக எல்லைக்கோட்டைக் கடப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம் பதிவாகும் என்பது ஒன்று. தனிநேர ஓட்டம் (ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் கட்டம்) அல்லாத கட்டங்களில் முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களின் மொத்த நேரத்திலிருந்து முறையே 10, 6, 4 விநாடிகள் போனஸாகக் கழிக்கப்படும் என்பது மற்றொன்று. சமவெளியில் நூறு பேர் ஒன்றாக வந்து சேரும் ஒரு நாளில்கூட யாரோ ஒருவர் சில விநாடிகளைச் சேர்த்துக்கொண்டு போய்விட முடியும்.

2024-இன் ஐந்தாம் கட்டம் பெல்ஜியத்தின் பாஸ்டோனில் தொடங்கிப் பிரான்ஸின் ஆம்னேவிலில் முடிந்தது. அன்று காலை வோலரிங் மஞ்சள் சட்டையில் இருந்தார். நியேவியாடோமா அவரைவிட 34 விநாடி பின்தங்கியிருந்தார். முடிவிடத்துக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் இருந்தபோது ஒரு வளைவில் பலர் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். அந்தக் குவியலில் வோலரிங்கும் இருந்தார். அடிபட்ட இடுப்போடு எழுந்து மீண்டும் ஏறி ஓட்டி முடித்தபோது முன்னணிக் குழுவிடம் அவர் இழந்திருந்தது 1 நிமிடம் 47 விநாடி. அதே குழுவில் வந்த நியேவியாடோமா இரண்டாம் இடத்தைப் பிடித்து 6 விநாடி போனஸும் பெற்றார். 107 விநாடியில் 34 போக 73. அதோடு 6 சேர்ந்தால் 79. மஞ்சள் சட்டை கைமாறியது. வோலரிங் 1 நிமிடம் 19 விநாடி பின்தங்கினார். அடுத்த இரண்டு கட்டங்களில் அந்த இடைவெளியில் நான்கு விநாடி மட்டுமே குறைந்தது. கடைசி நாளில் வோலரிங் ஆல்ப் துவேஸில் முதலாவதாக வந்து 10 விநாடி போனஸ் பெற்றார். நியேவியாடோமா 61 விநாடி கழித்து நான்காவதாக வந்தார். 75-இல் 71 போயிற்று. மிஞ்சியது நான்கு.

ஆம்னேவிலில் நியேவியாடோமா பெற்ற 6 விநாடி போனஸ் இறுதி வித்தியாசத்தைவிடப் பெரியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் முடிவானதாக எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பந்தயத்தின் கணக்கு, லொரேன் பகுதியின் ஒரு சிற்றூரில் நடந்த இறுதிப் பாய்ச்சலில்தான் தீர்ந்திருக்கிறது.

விபத்தில் விழுந்தவருக்கு விதிகள் ஏதும் பாதுகாப்புத் தருவதில்லையா என்ற கேள்வி இயல்பாக எழும். உண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சமவெளியாக முடியும் கட்டங்களில் கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் ஒருவர் விழுந்தாலோ சைக்கிள் பழுதானாலோ, அப்போது அவர் எந்தக் கூட்டத்தில் இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே அவருக்கும் வழங்கப்படும். வோலரிங் விழுந்த இடம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. அதற்குமேல் உதவ வேண்டியது அணிதான். அங்கேதான் அன்றைய விவாதம் கிளம்பியது. வோலரிங்கின் எஸ்டி வொர்க்ஸ் அணியைச் சேர்ந்த ஹங்கேரி வீராங்கனை பிளாங்கா வாஸ் முன்னணிக் குழுவில் இருந்தார். அவர் நின்று தலைவிக்காகக் காத்திருக்கவில்லை. அந்தக் கட்டத்தை வென்றார். தலைவி மஞ்சள் சட்டையை இழந்த அதே நிமிடங்களில் அதே அணி ஒரு கட்ட வெற்றியைக் கொண்டாடியது. வாஸைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு கிலோமீட்டரில் முன்னால் போனவரை நிறுத்திப் பின்னால் அனுப்பினாலும் மீட்கக்கூடிய விநாடிகள் சிலவே. அந்தச் சிலவே பட்டத்துக்குப் போதுமானவையாக இருந்திருக்கும் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதில் அணியின் அளவுக்கும் பங்குண்டு. ஆண்கள் டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். பெண்கள் டூரில் 2022-இல் 24 அணிகளிலிருந்து ஆறு ஆறு பேராக 144 பேர் களமிறங்கினார்கள். 2023 முதல் 22 அணிகள், அணிக்கு ஏழு பேர். காற்றுதான் இந்த விளையாட்டின் முதல் எதிரி. இன்னொருவரின் பின்னால் ஒட்டிச் செல்பவர் சமவெளியில் தம் உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கிறார். தலைவியைக் காற்றிலிருந்து மறைப்பது, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, தப்பியோடும் சிறு கூட்டத்தைத் துரத்திப் பிடிப்பது ஆகிய வேலைகளெல்லாம் துணை வீராங்கனைகளுடையவை. ஆறு அல்லது ஏழு பேரில் ஒருவர் காய்ச்சலில் விலகி, ஒருவர் மலையில் பின்தங்கி, ஒருவர் இறுதிப் பாய்ச்சலுக்காகக் காக்கப்பட்டால், உழைக்க மிஞ்சுவது மூன்று நான்கு பேர். எனவே பந்தயத்தைப் பூட்டி வைப்பது கடினம். ஆண்கள் பந்தயத்தில் வலுவான ஓர் அணி நாள் முழுவதும் கூட்டத்தின் முன்னால் நின்று வேகத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் காட்சி வழக்கமானது. பெண்கள் பந்தயத்தில் அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் முடிவிடத்துக்கு வெகு தொலைவிலேயே உடைந்துபோய், தலைவிகளே நேருக்கு நேர் மோதிக்கொள்கிறார்கள்.

ஆல்ப் துவேஸ் நாளில் அதுதான் நடந்தது. கிளாண்டோன் கணவாயின் ஏற்றத்தில் வோலரிங் வேகமெடுத்தபோது அவரோடு தாக்குப்பிடித்துச் சென்றவர் நெதர்லாந்தின் பவுலீனா ரூயாக்கர்ஸ் மட்டுமே. கணவாயிலிருந்து இறங்கிய பின், இறுதி ஏற்றத்தின் அடிவாரத்துக்கு முன் ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. முன்னால் இருவர், அவர்களில் ரூயாக்கர்ஸ் தாமும் பட்டத்துக்குப் போட்டியிட்டதால் முன்னின்று காற்றை வாங்கும் வேலையைப் பெரும்பாலும் வோலரிங்கிடமே விட்டுவிட்டார். பின்னால் நியேவியாடோமாவோடு வந்த குழுவிலோ தத்தம் காரணங்களுக்காக மாறி மாறி இழுக்க வேறு அணியினரும் இருந்தார்கள். மலையில் யார் வலிமையானவர் என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் சமதரையில் வோலரிங் தனியாகச் செலவழித்த வலிமை, பிறகு வந்த இருபத்தொரு கொண்டையூசி வளைவுகளில் அவருக்குத் தேவைப்பட்ட வலிமை. ரூயாக்கர்ஸ் கடைசியில் பத்து விநாடி வித்தியாசத்தில் மூன்றாம் இடம் பெற்றார். அவர் ஒத்துழைக்க மறுத்தது அவர் நோக்கில் முற்றிலும் சரியான கணக்கே.

இனி, காலத்தின் நீளம். ஆண்கள் டூர் போன்ற மூன்று வாரப் பந்தயத்தில் ஐந்தாம் நாள் ஒன்றே முக்கால் நிமிடம் இழந்தவருக்கு அதை மீட்கப் பதினாறு நாள்கள் மிச்சம் இருக்கும். மலைகள் பலமுறை வரும். எதிராளியும் ஒரு நாள் தளர்வார். எட்டு ஒன்பது நாள் பந்தயத்தில் அந்த வசதி இல்லை. ஒரு நாள் தவறு கடைசி நாள்வரை கூடவே வரும். அதனால்தான் இதை ஆண்கள் டூரின் சுருங்கிய வடிவமாகப் பார்ப்பது பொருந்தாது என்று கருதுகிறேன். தாங்கும் திறனைச் சோதிப்பதைவிட, தவறு செய்யாமல் இருக்கும் திறனை இது கடுமையாகச் சோதிக்கிறது. 2023-இல் ஐந்தாம் கட்டத்தின்போது அணிக் காரின் பின்னால் காற்று மறைவில் ஓட்டியதற்காக வோலரிங்குக்கு 20 விநாடி தண்டனை விதிக்கப்பட்டு, காரை ஓட்டிய அணி மேலாளர் பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பும் இந்த நெருக்கடியால்தான். அந்த ஆண்டு தூர்மலே மலையில் எல்லோரையும் விட்டு விலகிச் சென்று அவர் மூன்று நிமிடத்துக்கு மேலான வித்தியாசத்தில் வென்றதால் அந்த 20 விநாடி மறக்கப்பட்டது. ஓராண்டு கழித்து என்றால் மறக்கப்பட்டிருக்காது.

பந்தயம் ஏன் இவ்வளவு குறுகியது என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1955-இல் ழான் லெலியோ என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் நார்மண்டியில் ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு பெண்கள் டூரை நடத்தினார்; மான் தீவின் மில்லி ராபின்சன் வென்றார்; அது அந்த ஒரு முறையோடு நின்றுபோனது. அடுத்த முயற்சிக்கு 29 ஆண்டுகள் ஆயின. பெண்களுக்கான சாலை சைக்கிள் பந்தயம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1984-ஆம் ஆண்டிலேயே, ஆண்கள் டூரை நடத்தும் நிறுவனம் பெண்களுக்கும் 18 கட்டங்கள் கொண்ட பந்தயம் ஒன்றை அறிவித்தது. ஆண்கள் ஓடும் பாதையின் இறுதிப் பகுதியில், அவர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்பாக, அதே எல்லைக்கோட்டை நோக்கிப் பெண்கள் ஓட்டினார்கள். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் பட்டம் வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசுத்தொகை சுமார் 1,000 டாலர். அதே ஆண்டு ஆண்கள் பிரிவில் வென்ற ஃபின்யோனுக்குக் கிடைத்தது 1,00,000 டாலருக்கு மேல். பிறகு இத்தாலியின் மரியா கனின்ஸ் இரு முறையும், பிரான்ஸின் ஜானி லோங்கோ மூன்று முறையும் வென்றார்கள். 1989-இல், லெமாண்டின் எட்டு விநாடி வெற்றி உலகெங்கும் பேசப்பட்ட அதே கோடையில், பெண்கள் பந்தயம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. பதினெட்டுக் கட்டங்களைப் பெண்கள் ஓட்டி முடித்துக் காட்டிவிட்டார்கள்; விளம்பரதாரர்களும் தொலைக்காட்சியும் வரவில்லை.

அதன்பின் வந்த இருபது ஆண்டுகள் மெல்லத் தேய்ந்த கதை. வேறு அமைப்பாளர்கள் வேறு பெயர்களில் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். டூர் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற சிக்கலும் அவர்களுக்கு இருந்தது. ஊதியமும் தங்குமிடமும் நிச்சயமில்லாத நிலையில் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2009-இல் பிரிட்டனின் எம்மா பூலி வென்ற கடைசிப் பதிப்பில் இருந்தவை நான்கே நான்கு கட்டங்கள்.

2013-இல் சைக்கிள் வீராங்கனைகளான பூலி, மரியான் வோஸ், கேத்ரின் பெர்டீன், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த முப்போட்டியின் உலகச் சாம்பியன் கிறிசி வெலிங்டன் ஆகிய நால்வரும் சேர்ந்து, பெண்களுக்கும் டூர் வேண்டும் என்று ஒரு மனுவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டே அதற்கு விடையாக லா கூர்ஸ் என்ற ஒரு நாள் பந்தயம் பாரிஸின் ஷான்செலிசே சாலையில் நடத்தப்பட்டது. அதில் வென்றவர் வோஸ். அந்த ஒரு நாள் ஏற்பாடு 2021 வரை நீடித்தது. கேட்டது மூன்று வாரம், கிடைத்தது ஒரு நாள் என்ற குறை இருக்கவே செய்தது. ஆனாலும் அந்த எட்டு ஆண்டுகளில் ஒளிபரப்பாளர்கள் பெண்கள் பந்தயத்துக்குப் பார்வையாளர்கள் உண்டு என்பதைக் கண்டுகொண்டார்கள்.

உண்மையில் இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது தொலைக்காட்சிதான். சாலையில் நடக்கும் பந்தயத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பார்வையாளரிடமிருந்து நேரடியாக ஒரு காசும் வராது. விளம்பரதாரரின் பெயர் சட்டையில் இருப்பதும் அந்தச் சட்டை திரையில் தெரிவதும்தான் அணியின் வருமானம். நேரடி ஒளிபரப்பு இல்லாவிட்டால் எத்தனை கடினமான மலையாக இருந்தாலும் வணிக நோக்கில் அந்தப் பந்தயம் நடந்ததாகவே ஆகாது. இதற்கு இத்தாலியே சான்று. 1988-இல் தொடங்கிய இத்தாலியச் சுற்றுப் பந்தயமான பெண்கள் ஜீரோ, பல ஆண்டுகளாக இத்துறையின் மிக நீண்ட, மிகக் கடினமான கட்டப் பந்தயமாக இருந்தது. ஆனால் நாள்தோறும் குறைந்தது 45 நிமிட நேரடி ஒளிபரப்பு என்ற நிபந்தனையை அதன் அமைப்பாளர்கள் நிறைவேற்றத் தவறியதால் 2021-இல் அது உலகத் தொடர் என்ற உயர்தகுதியை இழந்தது. ஓராண்டு கழித்து, 2022 ஜூலை 24 அன்று ஈஃபிள் கோபுரத்தடியில் தொடங்கிய புதிய பெண்கள் டூர், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நேரடி ஒளிபரப்போடு வந்தது. முன்னாள் வீராங்கனை மரியான் ரூஸ் அதன் இயக்குநர். வீட்டுக்குள் சைக்கிள் மிதிப்பவர்களுக்கான இணையத் தளமான ஸ்விஃப்ட் முதன்மை விளம்பரதாரர். மொத்தப் பரிசு 2,50,000 யூரோ. அதில் வெற்றியாளருக்கு 50,000. ஆண்கள் வெற்றியாளருக்கு 5,00,000 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்த முதல் பதிப்பை வென்ற அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தொடக்க நாள்களில் வயிற்றுக் கோளாறால் விலகிவிடும் நிலையில் இருந்து, வோஜ் மலைத்தொடரை அடைந்ததும் ஏழாம் கட்டத்தில் தனியாகப் பிரிந்து சென்று, இரண்டாமவரான வோலரிங்கைவிட மூன்று நிமிடம் இருபத்தாறு விநாடி முன்னதாக மார்க்ஸ்டைனை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 39. முன்னணிக்கும் பிற்பகுதிக்கும் இடையே அன்று தெரிந்த பெரும் இடைவெளியைச் சிலர் பந்தயத்தின் குறையாகச் சொன்னார்கள். அந்த இடைவெளி உடல் வேறுபாட்டால் மட்டும் வந்ததன்று. அதற்கு ஊதியத்தில் வேர் இருந்தது. உலகத் தொடர் தகுதி பெற்ற பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒன்றைச் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் கொண்டுவந்ததே 2020-இல்தான். அப்போது ஆண்டுக்கு 15,000 யூரோ. 2023-இல் அது 32,102 யூரோவாக, ஆண்களின் இரண்டாம் நிலை அணிகளுக்கான அளவுக்கு உயர்ந்தது. அந்த வளையத்துக்கு வெளியே உள்ள சிறிய அணிகளில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டோ படித்துக்கொண்டோ ஓட்டுபவர்கள் இருந்தார்கள். அவர்களும் முழுநேர வீராங்கனைகளும் ஒரே தொடக்கக் கோட்டில் நின்றால் மலையில் அரை மணி நேர வித்தியாசம் வருவது வியப்பன்று.

பதினெட்டு அல்லது இருபத்தொரு கட்டங்களுக்குத் தாவ வேண்டும் என்ற கோரிக்கையை இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும். பெண்களால் முடியுமா என்பது கேள்வியே அல்ல. 1984-இலேயே விடை கிடைத்துவிட்டது; 2015 முதல் ஒரு பிரெஞ்சுப் பெண்கள் குழு ஆண்கள் டூரின் முழுப் பாதையையும் ஒரு நாள் முன்னதாக ஆண்டுதோறும் ஓட்டிக் காட்டி வந்திருக்கிறது. முடியாமல் இருப்பது அணிகளால். மே மாதம் ஸ்பெயினில் வுவெல்டா, ஜூலையில் இத்தாலியில் ஜீரோ, அதை ஒட்டியே டூர் என்று 2025 வரை நாள்காட்டி நெருக்கமாக இருந்தது; மூன்று வாரத்துக்குத் தேவையான வீராங்கனைகளும் மருத்துவரும் பழுதுநீக்குநரும் சமையற்காரரும் பெரும்பாலான அணிகளிடம் இல்லை. விதிகளும் பின்தங்கியே நிற்கின்றன. பெண்களின் ஒரு கட்டம் 160 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவிதி; 2022-இல் 175 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு கட்டத்துக்கும், 2023-இல் 177 கிலோமீட்டர் கொண்ட கஹோர் – ரொடேஸ் கட்டத்துக்கும் தனி அனுமதி தேவைப்பட்டது. நாள்களைக் கூட்டுவதற்கு முன் இந்த உச்சவரம்பைத் தளர்த்துவதும், அணிக்கு எட்டாவது வீராங்கனையைச் சேர்ப்பதும்தான் முதலில் செய்யத்தக்கவை என்பது என் எண்ணம். அமைப்பாளர்கள் ஆண்டுக்கு ஒரு அடி வைக்கும் வழியைத் தேர்ந்திருக்கிறார்கள். 2025-இல் ஒன்பதாவது கட்டம் சேர்ந்தது.

அந்த ஒன்பது கட்டப் பந்தயத்தை வென்றவர் பிரான்ஸின் போலின் ஃபெரான்-பிரேவோ. பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பிரிவில் தங்கம் வென்றுவிட்டுச் சாலைக்குத் திரும்பிய முதல் ஆண்டிலேயே பாரிஸ் – ரூபே கல்பாவிய சாலைப் பந்தயத்தையும் டூரையும் கைப்பற்றினார். 1985-க்குப் பிறகு ஆண்கள் டூரில் ஒரு பிரெஞ்சுக்காரரும் வெல்லவில்லை என்ற ஏக்கத்தில் இருந்த நாட்டுக்கு அது சாதாரணச் செய்தியாக இருக்கவில்லை. வோலரிங் மீண்டும் இரண்டாம் இடம். இம்முறை வித்தியாசம் 3 நிமிடம் 42 விநாடி. முந்தைய ஆண்டின் நான்கு விநாடியோடு ஒப்பிட்டால் பந்தயத்தின் தன்மையே மாறிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் பெரும்பகுதி நேரம் எட்டாம் கட்டத்தில், மாட்லேன் கணவாயின் ஏற்றத்தில் மட்டுமே பிரிந்தது. அதற்கு முந்தைய ஏழு நாள்களில் மஞ்சள் சட்டை சிலமுறை கைமாறியது. மொரீஷியஸின் கிம் லெ கோர்ட் அதை அணிந்த முதல் ஆப்பிரிக்க வீராங்கனை ஆனார். மாட்லேனில் இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவின் சாரா ஜிகாண்டே, மறுநாள் இறக்கத்தில் பின்தங்கி ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடத்துக்குச் சரிந்தார். ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது, இறங்கவும் தெரிய வேண்டும்.

அந்த வெற்றி இன்னொரு விவாதத்தையும் திறந்துவிட்டது. நீண்ட ஏற்றங்களுக்காக உடல் எடையைக் குறைத்ததை ஃபெரான்-பிரேவோ மறைக்கவில்லை. ஆண்டு முழுவதும் அப்படி இருக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். இளம் வீராங்கனைகள் இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்கள் என்ற கவலை பந்தயக் களத்துக்குள்ளிருந்தே எழுந்தது. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் எலும்பு வலுவிழப்பதும் மருத்துவம் நன்கறிந்த விளைவுகள். ஒருவரைச் சுட்டிக் குற்றம் சொல்வதைவிட, ஒரே ஒரு பெரிய மலை முழுப் பந்தயத்தையும் தீர்மானிக்கும்படி பாதை வரைபவர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.

2026-க்கு அறிவிக்கப்பட்ட பாதையைப் படிக்கும்போது அந்தக் கேள்விக்குப் பாதி விடை இருப்பதுபோலத் தெரிகிறது. ஆகஸ்ட் 1 முதல் 9 வரை, சுவிட்சர்லாந்தின் லோசானில் தொடங்கி நீஸில் முடியும் ஒன்பது கட்டங்கள். முந்தைய ஆண்டு முற்றிலும் இல்லாதிருந்த தனிநேர ஓட்டம், திஜோனை நோக்கி 21 கிலோமீட்டராகத் திரும்பி வருகிறது. எடையைவிட மிதிக்கும் விசை பேசும் இடம் அது. மொன் வான்டூ மலை ஏழாம் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே ஒரு நிமிடம் இழப்பவருக்கு நீஸைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கங்களில் இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கும். அங்கே ஒரு நிமிடம் முன்னிலை பெறுபவரும் ஏழு பேர் அணியில் எத்தனை பேர் அதற்குள் களைத்துப்போயிருப்பார்கள் என்ற கணக்கோடுதான் அந்த இரண்டு நாளைத் தொடங்க வேண்டியிருக்கும்.